பழைய பொறியும் புதிய இயங்குதளமும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் பரண்களில் இன்று இரண்டு பொருள்களைக் காணலாம். ஒன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களைக் கட்டிவைத்த சாக்கு மூட்டை. மற்றொன்று, உறையோடு கிடக்கும் பழைய மடிக்கணினி. பித்தளை பழமையினால் மதிப்பிழப்பதில்லை. மடிக்கணினியோ பத்தாண்டு நிரம்பும் முன்னரே பயனற்றது என ஒதுக்கப்படுகிறது. எடுத்துத் துடைத்து மின்னிணைப்புக் கொடுத்தால் திரை ஒளிர்கின்றது, விசைகள் விழுகின்றன, விசிறி சுழல்கின்றது. உறுப்புகளில் பழுதில்லை. ஆயினும் அது காலங்கடந்ததாம். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதனை ஆக்கிய நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு முடிவுற்றபோது, இத்தகைய கணினிகள் பல ஒரே நாளில் முதுமை எய்தின. ஒரு பொறியின் ஆயுள் அதன் தேய்மானத்தால் அளக்கப்படாமல் நாட்காட்டியால் அளக்கப்படும் நிலை எவ்வாறு வந்தது? அந்த நாளைத் தள்ளிப்போட நம்மால் இயலுமா? இவ்விரு வினாக்களின் வரலாற்றையே இவ்வுரையில் காணப் புகுகின்றோம்.

கணினியின் உறுப்புகளை ஒன்றோடொன்று இசைவித்து, நாம் ஏவும் பணிகளை வரிசைப்படுத்திச் செய்விக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். கடைவீதியில் இதனை நிறுவுதலை 'ஓ.எஸ். போடுதல்' என்றும், பழையதை அழித்துவிட்டு மீள நிறுவுதலை 'ஃபார்மட் அடித்தல்' என்றும் வழங்குவர். இன்று ஒரு பென் டிரைவுக்குள் அடங்கிவிடும் இப்பொருள் முதற் கணிப்பொறிகளுக்கு இல்லவே இல்லை. ஒருவர் தம் துளை அட்டைகளோடு வந்து, தமக்கு ஒதுக்கிய நேரத்தில் பொறியை முழுமையும் தாமே ஆண்டு, பணி முடிந்ததும் எழுந்து செல்வார். அடுத்தவர் வந்து ஆயத்தம் செய்துகொள்ளும் வரையில் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய பொறி வாளா இருக்கும். இவ்விழப்பைத் தவிர்க்க எண்ணி, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தாரும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தாரும் கூடி, ஐ.பி.எம். 704 என்னும் பொறிக்காக 1956-இல் ஒரு மென்பொருளை எழுதினர். ஒரு பணி முடிந்தவுடன் அடுத்த பணியைத் தானே எடுத்துக்கொள்ளுதல் அதன் தலையாய தொழில். இயங்குதளங்களின் மூதாதை என்று பலரும் கருதுவது இதனையே. பொறியை விற்றவர் இதனை எழுதவில்லை, வாங்கியவர்களே எழுதிக்கொண்டனர் என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

நம் நாட்டிலும் அக்காலத்திலேயே கணிப்பொறி வந்துவிட்டது. 1955-56-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பொறி நிறுவப்பட்டது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே கட்டிய பொறி 1960-இல் இயங்கலாயிற்று. 1962-இல் பண்டித நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயரிட்டார். இப்பொறிகளுக்கென எழுதிய மென்பொருள் வேறெந்தப் பொறியிலும் ஓடாது. பொறி ஓய்ந்த நாளில் அதன் மென்பொருளும் ஓய்ந்தது. பழைய பொறிக்குப் புதிய இயங்குதளம் என்ற எண்ணமே அன்று எழுந்திருக்க முடியாது.

எழுவதற்கு வழிசெய்தவை இரண்டு. 1969 ஜூன் திங்களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் மென்பொருள்களுக்கும் பணிகளுக்கும் தனித்தனியே விலை வைக்கப் போவதாக அறிவித்தது. அதுவரையில் அவை பொறியோடு இலவசமாக வருவன. காய்கறிக் கடையில் கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலை போன்றவை. இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதி அதன் பின்னரும் பொறியோடு சேர்ந்தே வந்தது எனினும், மென்பொருள் தனிச் சரக்கு என்ற கருத்து அன்று வேரூன்றிவிட்டது. அதே ஆண்டில் பெல் ஆய்வுக் கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். முதலில் அதுவும் ஒரு குறிப்பிட்ட பொறியின் மொழியிலேயே எழுதப்பட்டது. 1973-இல் அதனை 'சி' என்னும் பொது மொழியில் திருப்பி எழுதினர். அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் முற்றிலும் வேறு அமைப்புடைய பொறிகளுக்கு அது பெயர்த்துச் செல்லப்பட்டது. உடல் வேறு உயிர் வேறு என்று நம் முன்னோர் தத்துவத்தில் கூறியதைக் கணிப்பொறித் துறையில் மெய்ப்பித்துக் காட்டியவர் இவர்கள் எனின் மிகையாகாது.

இந்தியாவில் இதனோடு தொடர்புடைய வேறொரு நிகழ்ச்சி உண்டு. 1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்நாட்டை விட்டு வெளியேறியது. அது வாடகைக்கும் விலைக்கும் தந்திருந்த பொறிகள் அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் நின்றன; பேணுவார் இல்லை. அப்பணியைக் கணிப்பொறிப் பராமரிப்புக்கென்றே அரசு ஏற்படுத்தியிருந்த சி.எம்.சி. நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆக்கியவன் கைவிட்ட பொறியை அடுத்தவன் பேணிக் காக்கும் கலை நமக்குப் புதிதன்று.

தனியொருவர் மேசைமேல் வைத்துக்கொள்ளத்தக்க சிறு கணினிகள் 1970-களில் தோன்றின. அவற்றுக்கென கேரி கில்டால் என்பவர் 1974-இல் சி.பி.எம். என்னும் இயங்குதளத்தை ஆக்கினார். பொறிக்குப் பொறி வேறுபடும் பகுதியை மட்டும் தனியே பிரித்து 'பயாஸ்' என்று அவர் பெயரிட்டார். அப்பகுதியை மாற்றி எழுதினால் போதும். எஞ்சியது எங்கும் ஓடும். இன்றும் பழைய மடிக்கணினியை இயக்கியவுடன் முதலில் விழிப்பது அப்பெயருடைய பகுதியே. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் சிறு கணினியை வெளியிட்டபோது அதற்குரிய இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்தது. அந்நிறுவனம் அதனைத் தானே தொடக்கத்திலிருந்து எழுதவில்லை. சியாட்டிலில் டிம் பேட்டர்சன் எழுதியிருந்த ஒன்றை வாங்கித் திருத்தியது. அதனைப் பிறருக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டதுதான் அதன் செல்வத்திற்கெல்லாம் வித்து.

அக்காலத்தில் இயங்குதளம் போடுவது எளிது. ஒன்றிரண்டு நெகிழ்வட்டுகள் போதும். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95-இன் நெகிழ்வட்டுப் பதிப்போ 13 வட்டுகளைக் கொண்டது. பதினொன்றாம் வட்டில் ஒரு கீறல் இருந்தால் பத்து வட்டுகளை மாற்றி மாற்றிச் செருகிய உழைப்பு வீணாகும். குறுவட்டு பரவியபின் இத்தொல்லை நீங்கியது. 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, சென்னையில் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் ஃபார்மட் அடித்துத் தருவதே ஒரு தொழிலாகத் தழைத்தது. வைரஸ் புகுந்தாலும் கணினி மந்தமானாலும் மருந்து ஒன்றே. கடைக்காரரிடம் உரிமம் பெற்ற குறுவட்டு இருந்ததா என்று கேட்பவர் அரியர். பின்னர் மடிக்கணினி செய்வோர் குறுவட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வன்தட்டின் ஒரு மறைவான பகுதியில் இயங்குதளத்தின் படியை வைத்து விற்கலாயினர். சிக்கனம்தான்; ஆனால் வன்தட்டுப் பழுதாகும்போது நோயோடு மருந்தும் சேர்ந்தே அழியும் என்பதை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை போலும்.

தமிழருக்கு மட்டும் இந்த ஃபார்மட் அடிக்கும் சடங்கில் வேறொரு கவலை உண்டு. பழைய எழுத்துகள் திரும்ப வருமா என்பதே அது. 1990-களில் தமிழுக்குப் பொதுவான குறியீடு நடைமுறையில் இல்லை. ஒருங்குறித் திட்டத்தில் 1991-லேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டிருந்தும், அதனைத் திரையில் காட்டவல்ல இயங்குதளம் மக்கள் கைக்கு வரவில்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பிய எழுத்துகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி எழுத்துருக்கள் செய்தனர். ஒவ்வொருவர் ஒவ்வொரு முறையில் அமர்த்தினர். இக்குழப்பத்தை நீக்க, உலகின் பல பகுதிகளில் வாழ்ந்த தமிழார்வலர் கூடி 'திஸ்கி' என்னும் குறியீட்டை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. எல்லாம் நன்முயற்சிகளே. ஆயினும் எழுதியவர் பயன்படுத்திய எழுத்துரு படிப்பவர் கணினியில் இல்லையெனில், தமிழ்க் கடிதம் தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகவே தோன்றும்.

விண்டோஸ் 2000-இல் 'லதா' என்னும் எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழ் வந்தது. எக்ஸ்பியிலும் இருந்தது, ஆனால் உறங்கிக் கிடந்தது. மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான வரிவடிவங்களுக்குரிய கோப்புகளை நிறுவுமாறு ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். இட்டவுடன் கணினி நிறுவற் குறுவட்டைச் செருகும்படி கேட்கும். வட்டு கடைக்காரரிடம் அன்றோ இருக்கிறது! வெளிமாநிலத்துக் கடைகளில் இக்கட்டத்தைக் குறியிட வேண்டுமென்று அறிந்தவர் சிலரே. எத்தனையோ வீடுகளில் தமிழ் செய்தித்தாளைத் திறந்தவர்கள் வெறும் கட்டங்களைக் கண்டு கணினியை மூடினர். 2007-இல் வந்த விஸ்டாவிலும் 2009-இல் வந்த விண்டோஸ் 7-லும் இத்தொல்லை இல்லை. 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது.

நம் இல்லத்தில் நேர்ந்ததையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 2001 முதல் 2004 வரையில் கும்பகோணத்திலிருந்து தந்தையார் எழுதிய கடிதங்கள் நாற்பதுக்கு மேல் நம்மிடம் இருந்தன. கண் மங்கிக் கை நடுங்கத் தொடங்கிய பின், அவர் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுப் பிள்ளை கணினியில் திஸ்கி எழுத்துருவில் அடித்து அனுப்பியவை அவை. 2010-இல் வாங்கிய மடிக்கணினியில் அவற்றைப் போற்றி வைத்திருந்தோம். 2014-இல் கணினி மந்தமாயிற்றென்று தலைநகரில் ஒரு கடையில் கொடுத்தோம். கடைக்காரர் நல்லவர், கோப்புகளையெல்லாம் படியெடுத்து வைத்த பின்னரே ஃபார்மட் அடித்தார். எழுத்துருவும் படியெடுக்க வேண்டிய பொருள் என்று அவருக்குத் தெரியாது. நமக்கும் அது நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் நாற்பது கடிதங்களும் புரியாத குறிகளாய் நின்றன. தந்தையார் அதற்கு ஈராண்டு முன்னரே மறைந்துவிட்டார். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கவும் வழியில்லை. கடிதங்கள் அழிந்தன என்றே நம்பிக் கணினியைப் பரணில் ஏற்றினோம்.

இனி நாட்காட்டியின் கதைக்கு வருவோம். இயங்குதளம் தனிச் சரக்கானபோது அதற்கு ஆதரவுக் காலம் என்பதும் தோன்றியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. அந்நாளுக்குப் பின் கணினி நின்றுவிடுவதில்லை. கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை, அவ்வளவே. அதன் பொருள் என்னவென்பதை 2017 மே 12-இல் உலகம் உணர்ந்தது. வான்னாக்ரை என்னும் தீய மென்பொருள் சில நாள்களில் 150-க்கு மேற்பட்ட நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணயத் தொகை கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆதரவு முடிந்து மூன்றாண்டுகள் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. ஆனால் தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல. அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வந்துவிட்டது. போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. பழமையைக் காட்டிலும் புதுப்பிக்காமையே பெருங்கேடு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புதுப்பிக்க விரும்பினும் இயலாத நிலையும் உண்டு. ஒரு புதுப்பிப்பு உண்மையான இடத்திலிருந்துதான் வருகிறது என்பதைக் கணினி ஓர் இலக்கமுறைக் கையொப்பத்தால் தேர்ந்தறிகிறது. பழைய கையொப்ப முறை வலுவிழந்தமையால் 2019-இல் மைக்ரோசாஃப்ட் புதிய முறைக்கு மாறியது. 2020 ஆகஸ்டில் பழைய வாயில்களை மூடியது. ஆகவே இன்று ஒருவர் பழைய வட்டிலிருந்து விண்டோஸ் 7-ஐ மீள நிறுவினால், அதற்குப் புதிய கையொப்பத்தைப் படிக்கத் தெரியாது. படிக்கக் கற்பிக்கும் சிறு திருத்தங்களைத் தனியே தேடி எடுத்துக் கையால் நிறுவினாலன்றிப் பிற புதுப்பிப்புகள் வாரா. இணையத் தளங்களின் நம்பிக்கைச் சான்றிதழ்களுக்கும் இவ்வாறே காலவரை உண்டு. 2021 செப்டம்பர் 30-இல் பலரும் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத கணினிகளிலும் கைப்பேசிகளிலும் நல்ல தளங்கள்கூடத் திறக்க மறுத்தன. பரணில் கிடந்த கணினிக்கு மற்றொரு நோயும் சேரும். கடிகாரத்தைக் காக்கும் காசு வடிவ மின்கலம் உள்ளே செத்திருக்கும். கணினி தான் பிறந்த ஆண்டிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு, இன்றைய சான்றிதழ்களையெல்லாம் இன்னும் தொடங்காதவை என்று தள்ளும். பழுதைத் தேடிப் பகல் முழுதும் அலைபவர் முதலில் தேதியைப் பார்த்தல் வேண்டும்.

இனி, ஆக்கியவர் கைவிட்ட பின்னும் பொறியை வாழ்விக்கும் மற்றொரு மரபு. 1983 செப்டம்பரில் ரிச்சர்டு ஸ்டால்மன், யாவரும் படியெடுக்கவும் திருத்தவும் உரிமையுடைய இயங்குதளம் ஒன்றை ஆக்கப் போவதாக அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 386 கணினியில் லினக்ஸ் என்னும் கருவை எழுதினார். இரண்டும் இணைந்து டெபியன், உபுண்டு முதலிய பல தொகுப்புகளாக விரிந்தன. 2004 அக்டோபரில் தோன்றிய உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் குறுவட்டை அஞ்சலில் இலவசமாக அனுப்பிவந்தது. அஞ்சற் செலவும் வாங்குவதில்லை. 2011 வரை நீடித்த அக்கொடையால் நம் நாட்டில் எத்தனை கல்லூரி விடுதிகளுக்கு லினக்ஸ் சென்றது என்று எண்ணி முடியாது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியாகக் கொண்டு 2007-இல் 'பாஸ்' என்னும் இந்திய மொழி இயங்குதளத்தை வெளியிட்டனர். 2011-இல் தொடங்கித் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. வேலை தேடிப் புனேக்கும் பெங்களூருக்கும் வந்த இளைஞர் பலர் தம் முதல் லினக்ஸை அவ்வாறு சுமந்து வந்தவர்களே, அதனைத் திறந்து பார்த்தவர் சிலரே ஆயினும்.

லினக்ஸ் பழமையை என்றென்றும் தாங்கும் என்று கருதுதலும் தவறு. தான் பிறந்த 386 பொறிக்குரிய ஆதரவை அது 2012 இறுதியில் விலக்கிக்கொண்டது. உபுண்டு 2017-இல் 32 பிட் மேசைப் பதிப்பை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் அவ்வகைக் கணினிகளுக்கு நிறுவி இல்லை. வேறுபாடு காலக் கணக்கில் உள்ளது. 386 செயலி 1985-இல் வந்தது; அதனை லினக்ஸ் கைவிட ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் 11-ஓ 2021-இல் வெளிவந்தபோதே, பெரும்பாலும் 2017-க்கு முந்திய செயலிகளை ஏற்க மறுத்தது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டுமென்றது. பாதுகாப்புக்கே இது என்று கூறப்பட்ட காரணத்தில் உண்மை உண்டு. ஆயினும் நான்காண்டு மட்டுமே பழகிய கணினியையும் வாயிலில் நிறுத்தியது நேரிய செயலென்று நமக்குத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு நம் மடிக்கணினியைப் பரணிலிருந்து இறக்கினோம். 64 பிட் செயலியாதலால் தகுதி இருந்தது. 2 ஜி.பி. நினைவகத்தை 4 ஆக்கினோம். வன்தட்டைக் கழற்றி, அதன் இடத்தில் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம். காசு மின்கலத்தை மாற்றித் தேதியைத் திருத்தினோம். கழற்றிய வன்தட்டை அழிக்கவில்லை. உறையிலிட்டு அலமாரியில் வைத்தோம். மீள நிறுவுவோர் செய்யத்தக்க சேமிப்புகளில் இதனினும் உறுதியானது இல்லை. பென் டிரைவில் எழுதிய டெபியனை முதலில் நிறுவாமலே ஓட்டி, ஒலியும் வை-ஃபையும் இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டு பிறகு நிறுவினோம். அரை மணிக்குள் முடிந்தது. குறுவட்டு எதுவும் கேட்காமல் தமிழ் எழுத்துகள் தாமே வந்து நின்றன.

கடிதங்கள் அன்றுதான் நினைவுக்கு வந்தன. எழுத்துரு போனதேயன்றி எழுத்துகளின் எண்கள் கோப்பில் அப்படியே இருந்தன. திஸ்கியில் எழுதியவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தோன்றும் முறையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்றாகச் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ ககரம் முதலில் நிற்க உயிர்க்குறி பின்னர் வரும். கருவி செய்வது இவ்விட மாற்றமே. ஒரு கடிதத்தை மாற்றிப் பார்த்தோம். தலைப்பில் பிள்ளையார் சுழி நேராக நின்றது. 'ஸ்ரீ' மட்டும் உடைந்து வந்தது. அதனைக் கையால் திருத்தினோம். கீழே, காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றும், தீபாவளிக்கு வரும்போது தில்லிக் குளிருக்கு ஒரு கம்பளி வாங்கிவர வேண்டாம், இங்கே யாருக்கு அது வேண்டும் என்றும் தந்தையார் எழுதியிருந்தார்.